இதய ரத்தக் குழாய்க்குள் ஸ்கேன்: 'ஐவஸ்' பரிசோதனை பற்றி நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

நெஞ்சுவலிக்காக ஒருவரை ஆஞ்சியோகிராம் எடுக்க உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். சிறிது நேரத்தில் மருத்துவமனை ஊழியர் ஒருவர் வெளியே வந்து, "மெயின் குழாயில் அடைப்பு மாதிரித் தெரியுது. ஐவஸ் பண்ணிப் பார்க்கணும்னு டாக்டர் சொல்றார். அதற்குத் தனிச் செலவு. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க" என்கிறார். வெளியே நிற்பவர்களுக்கு அந்தப் பெயரே புதிது. மகன் வளைகுடா நாட்டில் இருந்தால் அவரையும் போனில் பிடித்துக் கேட்க வேண்டும். நோயாளியோ உள்ளே படுக்கையில் இருக்கிறார். யோசிக்க நேரம் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் சிலர் பயத்தில் எதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிலர் "பில்லைக் கூட்டத்தான் இதெல்லாம்" என்று மறுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறாகிவிடலாம். இந்தப் பரிசோதனை சிலருக்கு மிகவும் அவசியம். சிலருக்குத் தேவையே இல்லை. யாருக்கு எது என்பதை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொண்டால், அந்த ஐந்து நிமிடத்தில் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

ஐவஸ் என்றால் என்ன?

ஐ.வி.யு.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்து மருத்துவர்கள் 'ஐவஸ்' என்கிறார்கள். ரத்தக் குழாய்க்கு உள்ளேயே சென்று எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இது. வயிற்று ஸ்கேனில் கருவியை உடலின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். இதில் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய டியூபின் நுனியில் மிகச் சிறிய ஒலிக்கருவி இருக்கும். அது இதய ரத்தக் குழாய்க்குள் போய், சுற்றிலும் ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. வயிற்று ஸ்கேனில் பயன்படுவதைவிடப் பல மடங்கு கூடுதலான, 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட ஒலி இது. அதனால் மிக நுணுக்கமான அளவுகளும் தெரியும். இந்த ஒலியில் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் டியூபைச் சரியான இடத்துக்குக் கொண்டுசெல்ல எக்ஸ்ரே உதவி தேவைப்படும்.

இந்த யோசனை புதிதல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிக்கோலாஸ் பொம் என்பவரின் குழு, இதயத்துக்குள் செலுத்தக்கூடிய ஒலிக்கருவி பற்றி 1972-லேயே கட்டுரை வெளியிட்டது. 1980-களில் அமெரிக்க மருத்துவர் பால் யாக் அதை இதய ரத்தக் குழாய்க்கு ஏற்றதாக வடிவமைத்தார். அதன்பின் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வந்தது.

இதை எக்கோவுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். எக்கோ என்பது நெஞ்சின் மேல் கருவியை வைத்து இதயத் தசையும் வால்வுகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது. குழாய் அடைப்பின் தன்மையை அது காட்டாது. "எக்கோ நார்மல், பிறகு எதற்கு இன்னொரு ஸ்கேன்?" என்று பலரும் கேட்பதற்கான பதில் இதுதான்.

ஆஞ்சியோ எடுத்த பிறகும் இது எதற்கு?

ஆஞ்சியோகிராமில் குழாய்க்குள் மருந்துச் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். அதில் தெரிவது ரத்தம் ஓடும் பாதையின் நிழல் மட்டுமே. குழாயின் சுவர் தெரியாது. ஆனால் நோய் இருப்பது சுவரில்தான்.

கொழுப்பு படியத் தொடங்கும்போது குழாய் உடனே உள்பக்கம் குறுகிவிடுவதில்லை. முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. கொழுப்புப் படிவு குழாயின் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைத் தாண்டும் வரை உள்பாதை பெரிதாகக் குறையாமல் இருக்கலாம் என்று அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர் சீமோர் கிளாகோவின் குழு 1987-ல் காட்டியது. ஆகவே ஆஞ்சியோவில் வழவழப்பாகத் தெரியும் இடத்திலும் உள்ளே கணிசமான படிவு இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஞ்சியோவில் ஓர் இடத்தின் சுருக்கத்தை, அதன் பக்கத்தில் உள்ள 'நல்ல' இடத்துடன் ஒப்பிட்டுத்தான் 50 சதவீதம், 70 சதவீதம் என்கிறார்கள். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்குக் குழாய் முழுவதுமே படிவு பரவியிருப்பது உண்டு. அப்போது ஒப்பிட நல்ல இடமே இருக்காது. குழாய் இயற்கையிலேயே சிறியது போலத் தோற்றம் தரும். இத்தகைய நிலையில் உண்மை அளவை ஐவஸ் காட்டிக்கொடுக்கும்.

ஐவஸ் படத்தில் குழாய் குறுக்கே வெட்டி வைத்தது போல வட்டமாகத் தெரியும். பாதை எவ்வளவு, சுவரில் படிவு எவ்வளவு, அது மென்மையானதா, நார்த்தன்மை கொண்டதா, சுண்ணாம்பு போல இறுகிப்போனதா என்பதை மருத்துவர் பார்க்கலாம். சுண்ணாம்புப் படிவு பளிச்சென்று வெண்மையாகவும், அதன் பின்னால் கருநிழலாகவும் தெரியும்.

சிகிச்சையில் இது எங்கே உதவுகிறது?

முதலாவது, ஸ்டென்ட் வைப்பதற்கு முன். குழாயின் உண்மையான விட்டத்தையும் அடைப்பின் நீளத்தையும் அளந்து, எந்த அளவு ஸ்டென்ட் தேவை என்று முடிவு செய்யலாம். இறுகிய சுண்ணாம்பு அதிகம் இருந்தால், ஸ்டென்ட் வைக்கும் முன்பே அதை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டும். இல்லையென்றால் ஸ்டென்ட் முழுமையாக விரியாது.

இரண்டாவது, ஸ்டென்ட் வைத்த பின். அது நன்றாக விரிந்ததா, சுவரோடு ஒட்டி நிற்கிறதா, அதன் ஓரத்தில் கிழிசல் ஏதும் உண்டா என்று பார்க்கலாம். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டென்ட் முழுதாக விரிந்தால் ரத்தம் ஓடும் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அதே ஸ்டென்ட் 2.5 மில்லிமீட்டருக்கு மட்டும் விரிந்தால் பரப்பு 4.9 சதுர மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் குறைவதால் பாதையில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. ஆஞ்சியோ நிழலில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடலாம். சரியாக விரியாத ஸ்டென்டில் மீண்டும் அடைப்பு வரவும் ரத்தம் உறையவும் வாய்ப்பு கூடுகிறது.

மூன்றாவது, ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் மீண்டும் அடைத்துக்கொண்டால். அது விரியாமல் போனதா, அளவு சிறியதா, உள்ளே புதிய திசு வளர்ந்ததா என்ற காரணம் தெரிந்தால்தான் சரியான தீர்வைத் தேர்ந்தெடுக்க முடியும். காரணம் தெரியாமல் ஸ்டென்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட் வைப்பது நல்லதல்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தென் கொரியாவில் 28 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளமான ஸ்டென்ட் தேவைப்பட்ட 1,400 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஓராண்டில் பெரிய இதயப் பாதிப்போ மறுசிகிச்சையோ தேவைப்பட்டவர்கள் ஐவஸ் துணையுடன் சிகிச்சை பெற்றவர்களில் 2.9 சதவீதம், ஆஞ்சியோ மட்டும் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களில் 5.8 சதவீதம். அதே நாட்டில் சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், சுமார் இரண்டு ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 7.7 மற்றும் 12.3 சதவீதமாக இருந்தது. அந்த ஆய்வில் ஐவஸ் அல்லது ஒளி ஸ்கேன் பயன்படுத்தப்பட்டது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பிரிவிலும் பெரும்பாலானோர் நலமாகவே இருந்தார்கள். ஆனால் சிக்கலான அடைப்புள்ள 100 பேரில் நான்கைந்து பேர் மறு பாதிப்பிலிருந்து தப்புவது சிறிய விஷயமல்ல. இத்தகைய ஆதாரங்களின் அடிப்படையில், ஐரோப்பிய இதயநோய் சங்கம் 2024-லும் அமெரிக்க இதய அமைப்புகள் 2025-லும், சிக்கலான அடைப்புகளுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது இவ்வகை உள்குழாய்ப் பட முறையைத் தங்கள் வழிகாட்டுதலில் உறுதியாகப் பரிந்துரைத்துள்ளன.

யாருக்கு அதிகம் தேவைப்படலாம்?

- இடது பிரதான குழாயில், அதாவது 'லெஃப்ட் மெயின்' பகுதியில் அடைப்பு உள்ளவர்கள்
- குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு உள்ளவர்கள்
- நீளமான அடைப்பு, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டென்ட் தேவைப்படுபவர்கள்
- சுண்ணாம்புப் படிவு அதிகம் உள்ளவர்கள்
- முழுவதும் மூடிப்போன குழாயைத் திறக்க வேண்டியவர்கள்
- பழைய ஸ்டென்டில் மீண்டும் பிரச்சினை வந்தவர்கள்
- சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்கள்

கடைசியில் சொன்னதற்கு விளக்கம் தேவை. ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஐவஸ் படம் எடுக்கச் சாயம் தேவையில்லை. அதன் உதவியால் மொத்தச் சாயத்தின் அளவைக் குறைக்கலாம். பிரேசிலில் நடந்து 2014-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், வழக்கமாகச் சுமார் 64 மி.லி. தேவைப்பட்ட இடத்தில் ஐவஸை அதிகம் பயன்படுத்தி 20 மி.லி. சாயத்துடன் சிகிச்சையை முடித்தார்கள். கிரியேட்டினின் கூடுதலாக உள்ளவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேட்கலாம்.

ஆஞ்சியோவில் குழாய்கள் நன்றாக இருப்பதாகத் தெரிந்து, அறிகுறிக்கும் வேறு காரணம் கிடைத்துவிட்டால் பொதுவாக இது தேவைப்படாது. மருந்திலேயே தொடரலாம் என்று முடிவானவர்களுக்கும் அப்படியே. அளவு தெளிவாகத் தெரியும் சிறிய, எளிய அடைப்புக்கு அனுபவமுள்ள மருத்துவர் இது இல்லாமலே ஸ்டென்ட் வைப்பதும் உண்டு.

ஐவஸ் சொல்லாத ஒன்று

அடைப்பு எவ்வளவு பெரிது என்பதை ஐவஸ் காட்டும். அந்த அடைப்பால் இதயத் தசைக்கு ரத்தம் உண்மையில் குறைகிறதா என்பதை அது நேரடியாகச் சொல்லாது. அதற்கு எஃப்.எஃப்.ஆர். என்ற வேறு பரிசோதனை இருக்கிறது. மெல்லிய கம்பியின் வழியாக அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள். அதன் அளவு 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். நடுத்தரமான அடைப்புக்கு ஸ்டென்ட் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது. இடது பிரதான குழாயில் மட்டும் ஐவஸ் அளவும் இந்த முடிவுக்கு உதவுகிறது. அங்கே பாதையின் பரப்பு 6 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், ஸ்டென்டோ பைபாஸோ இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் தள்ளிவைக்கலாம்.

ஓ.சி.டி. என்ற பெயரையும் கேள்விப்படலாம். அது ஒலிக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்துவது. ஐவஸைவிடக் கூர்மையான படம் தரும். ஆனால் சுவரின் ஆழத்துக்குள் அவ்வளவு தூரம் போகாது. படமெடுக்கும்போது ரத்தத்தை விலக்கச் சாயம் செலுத்த வேண்டியிருக்கும். எது பொருத்தம் என்பதை அடைப்பின் இடத்தையும் நோயாளியின் சிறுநீரக நிலையையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். பொதுவாக இரண்டில் ஒன்று போதும்.

எப்படிச் செய்கிறார்கள்?

தயாரிப்பு ஆஞ்சியோவுக்கு உரியதுதான். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதை மருத்துவமனை சொல்லும். நீரிழிவு மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆகியவற்றை அன்று எடுக்கலாமா என்று முன்பே கேளுங்கள். ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்த வழியாக டியூபைச் செலுத்துவார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரினும், குழாய் இறுகாமலிருக்க நைட்ரோகிளிசரினும் கொடுப்பார்கள். மிக மெல்லிய கம்பி ஒன்றை முதலில் அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அதன் மேலாக ஐவஸ் டியூபைக் கொண்டுபோவார்கள். பிறகு ஒரே சீரான வேகத்தில் பின்னோக்கி இழுத்தபடி படம் எடுப்பார்கள். விநாடிக்கு அரை மில்லிமீட்டர் வேகத்தில் 40 மில்லிமீட்டர் நீளத்தைப் பார்க்க 80 விநாடி போதும். அப்போது சிலருக்கு நெஞ்சில் லேசான அழுத்தம் தெரியலாம். வலித்தால் உடனே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது.

ஆபத்து உண்டா?

பொதுவாகப் பாதுகாப்பானதே, ஆனால் முற்றிலும் ஆபத்து இல்லாதது என்று சொல்ல முடியாது. 1995-ல் வெளியான, 2,000-க்கும் அதிகமானோரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வில், 100 பேரில் சுமார் 3 பேருக்குக் குழாய் தற்காலிகமாக இறுகியது. மருந்து கொடுத்தால் இது சரியாகும். குழாயில் கிழிசல், ரத்தம் உறைதல் போன்ற பெரிய பாதிப்புகள் அரிது. இவை தவிர, கையில் அல்லது தொடையில் ரத்தக் கசிவு, சாயத்தால் ஒவ்வாமை போன்றவை ஆஞ்சியோவுக்கே உரியவை.

செலவு

ஐவஸ் டியூப் ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பொருள். அதனால்தான் பல பத்தாயிரம் ரூபாய் வரை கூடுதலாகிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் ஸ்டென்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது வரி நீங்கலாக 29,600 ரூபாய். பின்னர் அவ்வப்போது மாற்றப்பட்டு வருகிறது. ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், விலை ஆகியவற்றை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டு. அந்த உச்ச விலை ஸ்டென்டுக்கு மட்டும்தான். ஐவஸ் டியூபுக்கு அல்ல. ஆகவே மருத்துவமனைக்கு மருத்துவமனை தொகை மாறும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் இன்சூரன்ஸிலோ சிகிச்சை பெறுபவர்கள், ஸ்டென்டுக்கான தொகையில் ஐவஸும் அடங்குமா, தனி அனுமதி வாங்க வேண்டுமா என்பதை அட்மிஷன் நாளிலேயே காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

ஆஞ்சியோவுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

1. எனக்கு ஐவஸ் தேவைப்பட வாய்ப்பு உண்டா? எந்தக் காரணத்துக்காக?
2. அதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா? எப்படி மாறும்?
3. ஸ்டென்ட் வேண்டுமா என்று பார்க்கவா, ஸ்டென்டைச் சரியாக வைக்கவா? முதலாவது என்றால் எஃப்.எஃப்.ஆர். பொருத்தமா?
4. ஸ்டென்ட் வைத்த பின்பும் அதே டியூபால் மீண்டும் பார்ப்பீர்களா?
5. மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?

இரண்டாவது கேள்வியே முக்கியமானது. "அளவு தெரிந்தால் ஸ்டென்ட் சைஸை முடிவு செய்வேன்", "சுண்ணாம்பு இருந்தால் முதலில் அதை உடைப்பேன்" என்பது போன்ற தெளிவான பதில் வந்தால் தயங்க வேண்டியதில்லை. தெளிவான பதில் வராவிட்டால், அவசரநிலை இல்லாதவரை, ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கொண்டு இன்னொரு இதய மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. வெளிநாட்டில் இருப்பவர்களுடன் முன்பே பேசி, அவசர நேரத்தில் யார் முடிவெடுப்பது என்று ஒருவரை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இந்த ஆலோசனைக்கெல்லாம் நேரமில்லை. அப்போது ஒவ்வொரு நிமிடத்திலும் தசை பாதிக்கப்படுகிறது. மருத்துவர் சொல்வதை ஏற்று உடனே சம்மதிப்பதே சரி.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

ஐவஸ் ரிப்போர்ட்டில் 'பிளாக் பர்டன் 60 சதவீதம்' என்று இருப்பதைப் பார்த்து, 60 சதவீத அடைப்பு என்று பலர் பதறுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சுவரையும் சேர்த்துக் குழாயின் மொத்தப் பரப்பில் படிவு எவ்வளவு என்பதே 'பிளாக் பர்டன்'. குழாய் வெளிப்பக்கம் விரிந்திருந்தால், இந்த எண் அதிகமாக இருந்தும் ஆஞ்சியோவில் சுருக்கம் குறைவாகவே தெரியலாம். 'எம்.எல்.ஏ.' என்பது பாதை மிகக் குறுகிய இடத்தின் பரப்பு. 'எம்.எஸ்.ஏ.' என்பது ஸ்டென்டுக்குள் மிகக் குறுகிய இடத்தின் பரப்பு. இடது பிரதான குழாய் தவிர்த்த மற்றக் குழாய்களில் இது 5.5 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதை நல்ல விரிவு என்று கருதுகிறார்கள். சிறிய குழாய்களில் இது எப்போதும் சாத்தியமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

துளையிட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். கை குளிர்ந்து நிறம் மாறினால், நெஞ்சுவலி வந்தால், மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

ஸ்டென்ட் எவ்வளவு கச்சிதமாக வைக்கப்பட்டிருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்கும் இரண்டு மாத்திரைகளைச் சொன்ன காலம் வரை நிறுத்தக் கூடாது. மாரடைப்புக்குப் பின் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு. மற்றவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ரமலான் நெருங்கினால், நோன்பு வைக்கும் நிலையில் உடல் இருக்கிறதா என்பதையும், மாத்திரைகளை ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றலாமா என்பதையும் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நாமாக ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடுவது ஸ்டென்டில் ரத்தம் உறைய வழிவகுக்கலாம்.

ஆஞ்சியோ சி.டி., ஐவஸ் ரிப்போர்ட், ஸ்டென்டின் அளவும் வைத்த தேதியும் எழுதிய அட்டை ஆகிய மூன்றையும் ஒரே கவரில் வைத்து, போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தின்போதோ வேறு ஊரிலோ திடீரென்று நெஞ்சுவலி வந்தால், புதிய மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.